நாற்பத்தொன்றாம் வில்லை

கிரேடி என்னைக் கிழவி என்று சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எழுபத்திரண்டு வயதில் குமரி என்றா சொல்வான்? அதை என் மகளிடம் போய்ச் சொன்னதுதான் உறுத்தியது. சனிக்கிழமை காலை, முக்குளிப்பவர்களின் சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கொட்டகைக்குப் பின்னால் ரோண்டாவை நிறுத்தி வைத்துப் பேசினான். கொட்டகைக்குத் தகரச் சுவர். உள்ளே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"வாசல் மேசையில உங்கம்மா இருக்கணும், இல்லன்னா நான் இங்க வரணும். ரெண்டுல ஒண்ணு. நீயே முடிவு பண்ணு."

ரோண்டா முடியாது என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் இண்டியானாவில் கடலைப் பார்க்க வேண்டுமானால் பத்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கல் வெட்டி முடித்துக் கைவிட்ட இந்தக் குவாரியில் எண்பது அடிக்குத் தண்ணீர் நின்றது. இதை முக்குளிக்கும் பூங்காவாக்கலாம் என்று சொன்னவர் என் கணவர், ஆக்கியவள் நான். பள்ளிப் பேருந்தைக் கரையோரமாகவே மூழ்கடிக்கலாம், புதியவர்களுக்குச் சுலபம் என்றார் அவர். புதியவர்கள் காலை உதைத்து உதைத்துச் சேற்றைக் கிளப்புவார்கள், பிறகு யாருக்குமே கண் தெரியாது என்றேன் நான். அவர்களுக்கு இருபது அடியில், சரளைக்கல் பக்கமாகத் தனி மேடை போடச் சொன்னேன். பேருந்து முப்பதடியில். அறுபதடியில் ஒரு பழைய விமானம், கதவுகளையெல்லாம் கழற்றிவிட்டு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மஞ்சள் கயிறு. அவர் போய் ஒன்பது வருடமாகிறது. கயிறு இன்னும் நான் வரைந்த வழியில்தான் போகிறது.

வில்லை வைத்ததும் நான்தான். தண்ணீரில் இறங்குபவர் யாரானாலும் மேசையில் எண் போட்ட பித்தளை வில்லையை வாங்கிச் சிவப்புப் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் கழற்றித் தர வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். மூடும் மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்தும் தொங்கினால், முதலில் தேட ஆளை இறக்கு, பிறகு போன் பண்ணு. போனில் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே ஒருவருக்குக் காற்று தீர்ந்துவிடும்.

கிரேடி பதினான்கு வருடமாக இங்கே மாணவர்களைக் கூட்டிவந்து பயிற்சி கொடுக்கிறவன். அந்தச் சனிக்கிழமை காலை, முதல்முறை இறங்குகிற மூன்று பேரை அறுபதடி விமானத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தான். மேலே வந்ததும் அந்த மூவரின் முன்னாலேயே கேட்டேன், இவர்கள் செத்தால் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று. அவன் முகம் சிவந்தது. அதற்குப் பிறகுதான் கொட்டகைப் பேச்சு.

மாலை ஐந்துக்கு மணி அடித்தேன். ஐந்து பத்துக்குப் பலகையில் ஒரே வில்லை தொங்கியது. நாற்பத்தொன்று. கிரேடியுடையது. அவன் மாணவன் ஒருவனுடைய வேனில் வந்திருந்ததால், வண்டி நிற்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

எனக்கு வழி தேவைப்படவில்லை. மணி அடிப்பதற்குக் கால் மணி முன்னால் அந்த வெள்ளை வேன் வாசலைத் தாண்டியதை நான் பார்த்தேன். முன் இருக்கையில் அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி. தொப்பிக்குக் கீழே அவன்.

தேட இறங்க வேண்டியவள் ரோண்டா. அன்று ஏற்கெனவே நான்கு முறை இறங்கி ஏறியிருந்தாள். ஐந்தாவது முறை இறங்குவது நல்லதல்ல என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போயிருப்பானோம்மா?" என்றாள்.

"வில்லை தொங்குது" என்றேன்.

அது பொய்யில்லை. ஒருமுறை குளிரில் விறைத்து வந்தால், யாரை வைத்துக்கொள்ள யோசிக்கிறோம் என்று அவளுக்கே புரியும் என்று நினைத்தேன்.

அவள் இறங்கினாள். குமிழிகள் விமானத்தின் பக்கம் போகும்வரை காத்திருந்து, பிறகு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் தட்டுச் சத்தம். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"நாப்பத்தொண்ணா? நீ ஒழுங்கா எண்ணுறியான்னு பாக்கத்தான் மாட்டிட்டு வந்தேன்" என்று சிரித்தான்.

ரோண்டா தண்ணீரில் இருக்கிறாள் என்றேன். மெல்லுவது நின்றது. போன் பண்ணிப் பார்த்துவிட்டுத்தானே இறக்குவார்கள் என்றான். இங்கே அப்படி இல்லை என்றேன். வைத்துவிட்டான்.

கீழே இருப்பவரைக் கூப்பிட எங்களுக்கு ஒரே வழிதான். தண்ணீருக்குள் போகும் இரும்பு ஏணியில் ஸ்பேனரால் அடிப்பது. அடித்தேன். குமிழிகள் விமானத்தின் மேலேயே வந்துகொண்டிருந்தன. மறுபடி அடித்தேன். கை மரத்துப்போனது. ஒரு வழியாகக் குமிழிகள் நகர்ந்தன, பிறகு கரைக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்றன. உடம்பு பழகுவதற்காகப் பதினைந்தடியில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

மேலே வந்தபோது முகமூடிக்குள் மூக்கு ரத்தம். உதடு நீலம்.

"கெடச்சிட்டானா?"

"சாப்பிட்டுட்டு இருக்கான்."

ஏணியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். நான் கை நீட்டினேன், பிடிக்கவில்லை. விமானத்துக்குள் சேறு கலங்கிக் கண்ணே தெரியவில்லை என்றாள். ஒவ்வொரு இருக்கையாகத் தடவினாளாம், அடுத்ததில் அவன் முகம் தட்டுப்படும் தட்டுப்படும் என்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேன் கெளம்பறப்போ நீ மேசையிலதானம்மா இருந்த. அவன் அதுல இருந்தானா?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ரத்தத்தோடு நிற்கிறவளிடம் வாய் வரவில்லை.

"இருந்தான்."

அவள் தானாகவே ஏறி வந்தாள். உடை மாற்றிக்கொண்டு வந்து, வில்லைப் பெட்டியைத் தூக்கித் தன் காரில் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் நாற்காலியில் ரோண்டா உட்கார்ந்திருந்தாள். கிரேடி எட்டு மாணவர்களோடு வந்தான். எட்டு வில்லைகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

"எனக்கு?"

"உனக்கு இனிமே கெடையாது. இவங்கள நானே கூட்டிட்டுப் போறேன்."

அவன் என்னைக் கை காட்டினான். "அப்ப இது?"

"அவங்களுக்கும் மேசை கெடையாது" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

வேன் சாவி மாணவனிடம் இருந்தது. அவர்கள் முடித்து வரும்வரை கிரேடி எங்கேயும் போக முடியாது. நிழலில் இருப்பது ஒரே பெஞ்சுதான். அதில் நான் இருந்தேன். கொஞ்ச நேரம் வெயிலில் நின்று பார்த்துவிட்டு மறுகோடியில் வந்து உட்கார்ந்தான்.

"நான் போறதப் பாத்தியாமே?"

"பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு ஒம் பொண்ண எறக்குன?"

"நீ எதுக்குத் தொங்கவிட்ட?"

தண்ணீரில் குமிழிகள் மேடைப் பக்கம் கிளம்பின. அவன் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். நானும்தான்.

"எட்டு" என்றான்.

"ஒம்பது."

"கண்ணும் போச்சா கெழவி?"

"ரோண்டாவ எவன் எண்ணுவான்? எந்திரிச்சு நின்னு பாரு."

எழுந்து இரண்டடி முன்னால் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். நான் என் கைப்பையை எடுத்து பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தேன்.