மஞ்சள் இல்லாத இடத்தில்

நூலின் முனையை உதட்டில் வைத்து நனைத்து, இரண்டு விரலால் திருகிக் கூராக்கி, ஊசியின் காதுக்குள் நுழைத்தாள் அக்காள். பட்டு நூல் தலைமுடியைவிட மெல்லியது. எச்சில் படாமல் அது சொன்ன பேச்சைக் கேட்காது. மேசைமேல் விரித்திருந்த துணி ஓவியத்தில், மரத்தடியில் அமர்ந்திருந்த புத்தரின் முழங்காலுக்கு அருகே ஒரு சாண் நீளக் கிழிசல். அடியில் வலைத்துணி கொடுத்து, பழைய இழை ஒன்றுக்கும் நோகாமல் அதை இணைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தங்கை வேறொரு ஓவியத்தின் பின்புறத்தை மென்மயிர்த் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தாள். மாவு போல வெள்ளைத் தூசி எழுந்தது. தூரிகை எட்டாத மடிப்புகளில் அவள் குனிந்து வாயால் ஊதினாள்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், ஜன்னல் திறக்காத அறை அது. சகோதரிகள் இருவரும் முன்பு ஆயத்த ஆடை ஆலையில் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆலையை மூடியபோது, நுணுக்கமாகத் தைப்பவர்கள் வேண்டும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் வந்து கேட்டார். முதலில் அக்காள் சேர்ந்தாள். தங்கையின் பிள்ளை பால்குடி மறந்ததும் அவளையும் இழுத்துக்கொண்டாள். ஆலையின் இரைச்சல் இல்லை, நின்றுகொண்டே தைக்கிற வேலை இல்லை. எந்நேரமும் எதிரில் சாந்தமான ஒரு முகம். நல்ல இடத்தில் வந்து விழுந்தோம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

"அக்கா, இங்க பாரேன். ரத்தம். எப்பக் குத்துச்சுன்னே தெரியல."

"துணியில பட்டுச்சா?"

"இல்ல, இல்ல. ஆனா வலிக்கவே இல்லக்கா. விரல் மரத்துப்போச்சு."

"உனக்கு மூளை மரத்தே ரொம்ப நாளாச்சு. விரல் இப்பத்தான் கூடச் சேர்ந்திருக்கு."

தங்கை சிரித்துக்கொண்டே விரலைச் சூப்பினாள். அவள் உள்ளங்கை முழுக்கக் கரும்புள்ளிகள், நடுநடுவே அரிசி அளவில் தடித்த முண்டுகள். தெருமுனை டாக்டர் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு கொடுத்திருந்தார். அக்காளுக்கும் இருந்தது, சற்றுக் குறைவாக.

வாசலில் அருங்காட்சியகக் காப்பாட்சியர் வந்து நின்றார். எப்போதும் போல நிலைப்படிக்கு அந்தப்பக்கமே, மூக்கில் கைக்குட்டையோடு. "கண்காட்சித் திறப்பு நெருங்குது, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"நம்ம வேர்வை சாருக்கு ஆகாதுடி" என்றாள் அக்காள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் வண்ணங்களை ஆராய ஒரு பெண் வந்தாள். தலைமுடி உலர்த்தும் கருவி போல ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். துணியைத் தொடாமல் பக்கத்தில் காட்டினால், எந்த வண்ணத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அதன் சின்னத் திரை சொல்லிவிடுமாம். முதலில் புத்தரின் ஆடையில் காட்டினாள்.

"இந்த மஞ்சள் ஒரு கல்லை அரைச்சு எடுத்தது. இதுல ஆர்செனிக் இருக்கும்" என்றாள்.

"அப்படின்னா மேடம்?"

"பாஷாணம்." அக்காள் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்து அவள் புன்னகைத்தாள். "பயப்படாதீங்க. பசையோட இறுகிக் கிடக்கு, உதிராது. ஒப்பிட்டுப் பார்க்க, மஞ்சள் இல்லாத இடத்துல ஒருதடவை வைக்கிறேன்."

ஓரத்து வெறுந்துணியில் காட்டினாள். திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். கருவியின் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். பிறகு ஓவியத்தின் பின்புறம். பிறகு தங்கை தட்டிக் குவித்திருந்த தூசி. அதன்பின் மேசைப் பலகை, நாற்காலியின் முதுகு. கடைசியாக, மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தின் மூடி. அங்கே அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

"இங்கதான் மேடம். வெளிய உட்கார இடமில்ல."

"எந்திரிங்க" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "ரெண்டு பேரும் வெளிய வாங்க. எதையும் தொடாதீங்க. வாங்க, வாங்க!"

தங்கை கையிலிருந்த தூரிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடேயே வெளியே வந்தாள்.

நடைக்கூடத்துக்குக் காப்பாட்சியர் வேகமாக வந்தார். அறை முழுக்கப் பாஷாணம் என்று ஆய்வுக்காரப் பெண் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அவர் முகத்தில் திகைப்பு எதுவும் இல்லை.

"அது பூச்சிக்குப் போட்ட மருந்து மேடம். அந்தக் காலத்துல எல்லாத் துணியிலயும் தூவி வச்சிருக்காங்க. நம்ம துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே."

"இவங்களுக்குத் தெரியுமா?"

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"ஒரு கையுறை? ஒரு முகமூடி?"

"அதெல்லாம் ஒப்பந்தக்காரர் தரணும். இவங்க நம்ம ஆளுங்க கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஓவியத்துக்கு ஒண்ணும் ஆயிடலையே? திறப்புக்கு வச்சிடலாம்ல?"

அக்காள் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். எத்தனை தடவை நூலை நனைத்திருப்பாள்! அவள் காப்பாட்சியரின் சட்டைப்பையைப் பார்த்தாள். கைக்குட்டையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தக் கைக்குட்டை... எங்க வேர்வைக்கு இல்லையா சார்?"

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். யாரோ கூப்பிட்டது போல "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். யாரும் கூப்பிடவில்லை.

ஆய்வுக்காரப் பெண் இருவரின் உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாஷாணத் தூசியில வேலை பாத்தோம்னு சொல்லுங்க, ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுப்பாங்க. முதல்ல வீட்டுக்குப் போய் குளிச்சு, இந்தப் புடவையைத் தனியாக் கட்டிப் போடுங்க. மத்த துணியோட சேர்க்காதீங்க. வீட்ல குழந்தைங்க இருக்கா?"

தங்கையின் கையிலிருந்து தூரிகை விழுந்தது.

"ராத்திரி என் முந்தானையை வாயில வச்சாத்தான் மேடம் அவன் தூங்குவான்" என்றாள்.

அதற்குள் காவலாளி அறைக் கதவில் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நாடா ஒட்டத் தொடங்கியிருந்தான். கை கழுவக் கழிப்பறைக்குப் போனவர்களை மறித்தான். "கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்களை உள்ள விடவேண்டாம்னு மேல இருந்து போன் வந்துச்சு. பார்க்க வர்ற ஜனங்க புழங்குற இடமாம்." தோட்டத்துக் குழாயைக் காட்டினான். அங்கே புழுதி மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். புள்ளிகள் அப்படியே இருந்தன.

பிள்ளையைக் கிட்டே விடாதே என்று சொல்லத் தங்கையின் கணவனுக்கு அக்காள் போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. இரவு வேலை முடித்துத் தூங்குகிறான் போலும். பேருந்தில் இடம் இருந்தும் இருவரும் உட்காரவில்லை. கம்பியைப் பிடிக்கவும் பயமாக இருந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்தார்கள்.

"நான்தான்டி உன்னைக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் அக்காள்.

"பேசாம வாக்கா" என்றாள் தங்கை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. என்றும் இல்லாத நேரத்தில் அம்மாவைப் பார்த்த மகிழ்ச்சியில் பிள்ளை உள்ளேயிருந்து பாய்ந்து வந்தான்.

"வராத! கிட்ட வராத!" தங்கை கத்தினாள். இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். விளையாட்டு என்று நினைத்து அவன் இன்னும் உரக்கச் சிரித்தான். பாதி வழியில் அவனைப் பிடித்துத் தூக்கக் குனிந்த அக்காள், தன் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு, அவளும் கைகளை மேலே தூக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்த தங்கையின் கணவன் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"என்ன, போலீஸ் பிடிச்ச மாதிரி ரெண்டு பேரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க? என்ன தப்புப் பண்ணீங்க?"

பிள்ளை அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, எம்பி, முந்தானையை எட்டிப் பிடித்தான்.