இரண்டாவது இறகு

1
மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு போட்டோவில் பிறந்தது. யாரோ ஒருவர் கதிர்க்குருவியின் இறக்கையை விரித்துப் பிடித்திருந்தார். மற்றவர்கள் குருவியைப் பார்த்தார்கள். என் சந்தேகம் அந்த விரல்கள் மேல் போயிற்று. பிறவிக் குணம், என்ன செய்ய?

2
அதிகாலைப் பனியில் நாணல்காடு மெல்ல...

(வேண்டாம். பனி வந்தாலே எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான்.)

ஒரு சதுப்பு நிலம். மண்ணடித்து மூடிக் கிடங்கு கட்டப் போகிறார்கள். அரியவகைக் கதிர்க்குருவி இருந்தால் நிலம் பிழைக்கும். ஆனால் ஊரெல்லாம் திரிகிற சாதாரண வகையும் அச்சு அசல் அதே மாதிரிதான். பிடித்து இறக்கையை விரித்தால்தான் தெரியும்: அரியதற்கு ஓரத்திலிருந்து இரண்டாவது இறகு கொஞ்சம் குட்டை.

நிலத்தைக் காப்பாற்றப் போராடும் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணன் வலை கட்டி ஒன்றைப் பிடித்தான். அளந்தான். "அதேதான்டி!" என்று குதித்தான். தங்கை போட்டோ எடுத்தாள். காலில் அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். நிலத்தை மூடலாமா என்று மறுநாள் நடக்கும் விசாரணையில் அவளும் சாட்சி.

3
வீட்டில் போட்டோவைப் பெரிதாக்கியவள் அந்த இரண்டாவது இறகைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறவியிலேயே குட்டை இறகென்றால் நுனி உருண்டிருக்கும், தேய்ந்ததென்றால் பிசிறடித்திருக்கும். இதன் நுனி கத்தரித்தது போல நேராக இருந்தது.

"அண்ணா, நான் கேமரா எடுக்கத் திரும்பினப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

"என்னடி, போலீஸ் மாதிரி கேக்கிற? குருவியைப் பிடிச்சிட்டிருந்தேன்."

கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பாள். அவன் சிரித்தான்.

(அவனைக் கெட்டவனாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலத்துக்காக வருடக்கணக்கில் நாயாய் அலைந்தவன். சந்தேகம் பலமாவதே அதனால்தான்.)

4
மறுநாள் காலை, விசாரணைக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை வலை கட்டினார்கள். அதே வளையக் குருவி மாட்டியது. (தற்செயலா? நான்தான் மாட்டவிட்டேன்.)

அவள் எடுத்தாள். அண்ணன் கரையிலேயே நின்றுவிட்டான், கிட்டே வரவில்லை. விரித்துப் பார்த்தால் போதும். வெட்டியிருந்தால் அண்ணன் மானமும் போயிற்று, நிலமும் போயிற்று. வெட்டவில்லையென்றால், கூடப் பிறந்தவனைச் சந்தேகப்பட்டவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பாள்?

இரண்டு முடிவும் எழுதினேன். இரண்டையும் கிழித்தேன்.

அவள் இறக்கையை விரிக்கவேயில்லை. கையைத் திறந்தாள். குருவி நாணலுக்குள் போய் மறைந்தது.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்" என்றாள்.

என்ன பார்த்தாய் என்று அவன் கேட்கவில்லை. மடியில் கனமில்லாதவன் கேட்டிருப்பான், இல்லையா?

5
விசாரணை அறைக்குள் சாட்சியைக் கூப்பிடுகிறார்கள். அவள் தலை நிமிரவில்லை. நானும் எழுந்திருக்கப் போவதில்லை. நீங்கள் போய்ச் சாட்சி சொல்லுங்கள்.