எலும்பு வாசனை

மூன்றாவது முறையாகப் பல் டாக்டர், யுகுலேலே என்கிற தன் குட்டி கிடாரைத் தூக்கிக்கொண்டு, வாத்தியம் பழுதுபார்க்கும் கடைக்குப் படியேறி வந்தார்.

"தந்தி மறுபடி மேல ஏறிடுச்சுப்பா. அழுத்த முடியல. இன்னும் கொஞ்சம் இறக்கிக் குடு."

தந்தி எங்கேயும் ஏறவில்லை. வைத்த இடத்தில் சமர்த்தாகத்தான் இருந்தது. முதல் முறை வந்தபோதே, தந்திகளைத் தாங்கும் எலும்புப் பட்டையின் அடியை உப்புத்தாளில் தேய்த்து, அவர் விரலுக்குத் தோதாக இறக்கிக் கொடுத்தாயிற்று. இரண்டாம் முறை அளந்து பார்த்தார், மயிரிழைகூட மாறவில்லை. மாறியது டாக்டரின் இடது கை; விரல்களில் அழுத்தும் பலம் குறைந்திருந்தது. அவர் இடதுகைக்காரர், ஆனால் வாத்தியத்தை எல்லோரையும்போலத்தான் பிடிப்பார்; தந்தியை அழுத்துவதும் பல்லைப் பிடுங்குவதும் அந்தக் கைதான்.

இதை வாய்விட்டுச் சொல்வதா? வந்தவர் மனம் கோணாமல் அனுப்பிவைப்பதில் கடைக்காரர் பழம் தின்று கொட்டை போட்டவர். "மழைக்காலம் டாக்டர், மரம் உப்பிடுச்சு" என்று அந்த இரண்டாம் முறை ஒரு போடு போட்டு, இன்னும் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாகக் கிளினிக்குக்குப் போனார்.

அந்த வாரமே கடைக்காரரின் மனைவி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள அதே டாக்டரிடம் கிளம்பினாள். போகாதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு அனுப்பினார். அன்றிலிருந்து அவளுக்குக் கீழுதட்டில் பாதி மரத்துக் கிடக்கிறது.

இந்த மூன்றாம் முறையும் தேய்த்தால் தந்தி, கழுத்திலுள்ள ஃபிரெட் கம்பிகளில் உரசிக் கரகரக்கும். கடைக்காரர் தந்திகளைத் தளர்த்திப் பட்டையை உருவினார். முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏதோ ஒரு மரத்துண்டைச் சரசரவென்று தேய்த்தார். பிறகு பட்டையை அப்படியே மாட்டி, சுதி சேர்த்து நீட்டினார்.

"இப்ப வாசிங்க, வெண்ணெய் மாதிரி இறங்கும்."

டாக்டர் கை நீட்டவில்லை. "எலும்பைத் தேய்ச்சா ஒரு நாத்தம் வரும். இருபத்தாறு வருஷமா அந்த நாத்தத்துலதான் என் பொழப்பு. இப்ப அது வரலயே. என்கிட்டயேவா?"

கடைக்காரர் யுகுலேலேயை மேஜையில் வைத்தார்.

"தந்தி ஏறவே இல்ல. அப்படித்தானே?"

"இல்ல டாக்டர்."

"எப்பலேருந்து தெரியும்?"

"போன தடவையே."

"தெரிஞ்சுமா உன் வீட்டுக்காரிய என்கிட்ட அனுப்பின?"

கடைக்காரர் உப்புத்தாளை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ மரத்து மேல பழிய போட்ட. நான் அதையே கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். கருவி வழுக்கினப்பகூட, அந்தம்மா தலைய ஆட்டிட்டாங்கன்னுதான் நினைச்சேன். மூணு மாசத்துல உதடு சரியாயிடும்னு சொல்லி அனுப்பினேனே... ஆகாதுய்யா. நரம்பு அறுந்துபோச்சு."

பிறகு கிளினிக்குக்குப் போன் போட்டார். "நாளையிலேருந்து யாரையும் வரச் சொல்லாதம்மா. இல்ல, ஒரு வாரம் இல்ல. இனிமேலே." யுகுலேலேயை மேஜையிலேயே விட்டுவிட்டு, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் போனார்.

கடைக்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் இன்னிக்குக் கடைக்கு வர்றதா சொன்னீங்களே. என் உதட்டைப் பத்திக் கேட்டீங்களா?"

மோவாயில் டீ வழிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவர் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார்.

"கேட்டேன். சரியாயிடுமாம். மழைக்காலம் பாரு, கொஞ்சம் நாள் பிடிக்குமாம்."