இடது கிராங்க்

மருத்துவமனை வழியாகப் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நர்ஸுக்குக் காலை ஷிப்டுக்கு நாற்பது நிமிடம் நடக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் நடந்து பார்த்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள்.

"என் சைக்கிள் இன்னும் உன் வீட்ல மாடிப்படிக்குக் கீழதானே கிடக்கு?"

"அது எதுக்குக்கா இப்ப? துருப்பிடிச்சுப் போயிருக்கும். புதுசா ஒண்ணு பாக்கலாமே."

"அதையே சரி பண்ணிக்கிறேன். எடுத்துட்டு வா."

பத்தொன்பது வயதில் அவள் பந்தயத்தில் ஓட்டிய சைக்கிள் அது. கால்கள் நீளம் என்பதால் சைக்கிள் கிளப்பில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். முதல் சீசனில் அவளை முந்த ஆள் இல்லை. இரண்டாவது சீசன் தொடங்கியதிலிருந்தே இடது முழங்கால் வலித்தது. மிதிக்கும்போது ஏதோ ஒரு பக்கமாக இழுத்தது. பயிற்சியாளரிடம் சொன்னாள். "இடுப்பை நேரா வை, சரியாயிடும்" என்றார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார். அணித் தேர்வில் பதினோராவதாக வந்தாள். "வலி கால்ல இல்ல, மனசுல" என்று பயிற்சியாளர் மற்ற பெண்கள் காதுபடச் சொன்னார். போகப் போக அவளும் அதை நம்பிவிட்டாள். அந்த வருடமே கல்யாணம். அது ஒன்றரை வருடம்தான் நீடித்தது.

சனிக்கிழமை முற்பகலில் தம்பி சைக்கிளை வேனில் கொண்டுவந்து, அக்கா காத்திருந்த சைக்கிள் கடை வாசலில் இறக்கினான். மெக்கானிக் தொப்பையும் தொண்டையும் பெரிதான மனிதர். பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். உள்ளே மணலை அரைப்பதுபோலச் சத்தம் வந்தது.

"நடு அச்சு போயிடுச்சும்மா. ரெண்டு பக்கமும் பெடல் மாட்டுற கிராங்கைக் கழட்டினாத்தான் அதை வெளியே எடுக்க முடியும்."

வலது கிராங்க் சொன்னபடி கேட்டது. போல்ட்டை எடுத்து, கிராங்கை இழுத்துக் கழற்றும் புல்லரைத் திருகி, ஸ்பேனரால் நாலு சுற்று சுற்றியதும் கழன்று கைக்கு வந்தது. இடது கிராங்க் அசையவே இல்லை. எண்ணெய் விட்டார். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முறுக்கினார். உள் மரை வெள்ளி இழையாகச் சீவிக்கொண்டு புல்லர் வெளியே வந்து விழுந்தது.

"மரை கழண்டுடுச்சு. எனக்கில்ல, கிராங்குக்கு" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

"வரலைன்னா விட்டுடுங்கண்ணே" என்றான் தம்பி. "உள்ள இருக்கற பேரிங் பால்ஸ் மட்டும் மாத்திக் குடுங்க."

"வாயைத் திறக்காம பல்லைப் புடுங்கச் சொல்றீங்களே தம்பி."

கேஸ் விளக்கைப் பற்றவைத்துக் கிராங்கின் தலையைச் சூடாக்கினார். பசை கருகும் நாற்றம் வந்தது. மெக்கானிக் மூக்கைச் சுளித்தார். இரண்டு கால் வைத்த பெரிய புல்லரைப் பின்பக்கமாகக் கொக்கி போட்டு மாட்டி, முறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் கிராங்க் விட்டுக்கொடுத்தது. துளைக்குள்ளிருந்து ஒரு தகரத் துண்டு கீழே விழுந்தது.

"இது இந்த சைக்கிளோட வந்ததே இல்ல. துளை பெருசு. தகரத்தைச் சொருகி, பசை ஊத்தி, அடிச்சு ஏத்தியிருக்காங்க."

புது ஜோடி பார்க்க அளவு வேண்டும் என்று இரண்டையும் பெட்ரோலில் துடைத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் குனிந்து, உள்பக்கம் பொறித்திருந்த எண்களைப் படித்தார்.

"வலது நூத்தி அறுபத்தஞ்சு. இடது நூத்தி எழுபத்திரெண்டு. ஏழு மில்லி கூட. இதுல யாராவது தினம் ஓட்டியிருந்தா முட்டி என்னத்துக்கு ஆகும்?"

நர்ஸ் இரண்டையும் கையில் எடுத்து, மேல் துளைகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கீழே ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. தம்பி வேன் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

"தம்பி, இங்க வா."

வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தான்.

"எனக்கு அப்பப் பதினேழு வயசுக்கா. உனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய்ப் பாலத்துச் சுவத்துல மோதிட்டேன். இடது கிராங்க் வளைஞ்சுடுச்சு. பழைய இரும்புக் கடையில அதே மாதிரி ஒண்ணு கிடைச்சுது. கருப்புப் பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டேன். நீளத்துல வித்தியாசம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறமாவது தெரிஞ்சுதா?"

"நீ கால் வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் முனகினியே, அப்ப சந்தேகம் வந்து அளந்து பாத்தேன்."

"அளந்து பாத்துட்டு?"

"அம்மாகிட்டச் சொன்னேன். அம்மாதான் விடுடா, இப்பப் போய்ச் சொன்னா வீடு ரெண்டாயிடும்னாங்க. உனக்கு வேற அப்ப மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தாங்க."

மெக்கானிக் துடைத்த கையையே மறுபடி கழுவப் பின்பக்கம் போனார்.

நர்ஸ் இரண்டு கிராங்கையும் மேஜையில் வைத்தாள். தம்பியை வேனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மூன்று மணிவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, ஒரே அளவுள்ள ஜோடியை மாட்டியதும் சைக்கிளை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். இரண்டு காலும் சமமாகச் சுற்றின. இடது முழங்கால் மட்டும் எப்போதும்போல வலித்தது.

அம்மா எட்டு வருடமாக அவளோடுதான் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி என் சைக்கிள்ல கிராங்கை மாத்தினது உனக்குத் தெரியுமா?"

அம்மா கையிலிருந்த துண்டை முழுதாக மடித்து முடித்தாள். "அந்தப் பழங்கதை இப்ப எதுக்கு? நீ பாட்டுக்கு ஊர் ஊராச் சுத்திக்கிட்டு இருந்திருந்தா உனக்குக் கல்யாணம் காட்சின்னு எப்ப ஆகியிருக்கும்?"

"ஆச்சேம்மா. நல்லா ஆச்சு."

"அதுக்கு நானா பொறுப்பு?"

நர்ஸ் அலமாரியைத் திறந்தாள். அம்மா மடித்து வைத்திருந்த புடவைகள், மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். "நாளைக்கு உன் பிள்ளை வீட்டுக்குப் போயிடு. இத்தனை வருஷம் அவனுக்காகத்தானே வாயை மூடிட்டு இருந்தே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பிக்குப் போன் செய்தாள். எடுத்தது அவன் மனைவி.

"அவர் குளிக்கிறார் அண்ணி. எல்லாம் சொன்னார். எங்களுக்கும் அத்தையை வச்சுக்கணும்னு ஆசைதான். ஆனா நாங்க இருக்கறது மூணாவது மாடி, அவங்களால படி ஏற முடியாதே. நீங்க நர்ஸ் வேற. உங்க அளவுக்கு யார் பாத்துப்பாங்க?"

தண்ணீர் விழும் சத்தம் எதுவும் போனில் கேட்கவில்லை. யாரோ பக்கத்தில் மெல்லத் தொண்டையைச் செருமினார்கள். அவள் போனை வைத்தாள்.

அம்மா செருப்புப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையைக்கூட வாரியிருந்தாள்.

"எத்தனை மணிக்கு வர்றானாம்?"

"வரலை."

நர்ஸ் பையை வாங்கிப் புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினாள். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "அவனைத் திட்டிடாதே. பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை" என்றாள்.