சிரிப்புக்கு விட்ட இடம்

எடிட்டரம்மா தான் வெட்டிய படத்தைப் போட்டுக் காட்டக் கொழுந்தனோடு வந்திருந்தாள். பிரிவ்யூ தியேட்டரின் முன்வரிசையில் தணிக்கை அதிகாரி. சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கத்திரி. பின்வரிசை முழுக்க அவருடைய ஆட்கள்.

நாட்டின் தலைவரையும் அவர் நடத்தும் போரையும் கிழிகிழியென்று கிழித்த கேலிப் படம் அது. அதில் தலைவர் வேஷம் கட்டிய குற்றத்துக்காக அவள் புருஷன் உள்ளே இருக்கிறான். "கேலியெல்லாம் போகணும், புகழ் மட்டும் நிக்கணும். அப்படி வெட்டிக் குடு, ஆளை விட்டுடுறோம்" என்று கத்திரி சொல்லியிருந்தார். வெட்டிவிட்டாள்.

ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? காமெடிப் படத்தில் ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னும் கொஞ்சம் இடம் விடுவார்கள். சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிவிடக் கூடாதே. இப்போது வீரவசனத்துக்குப் பின்னும் அதே இடத்தை விட்டுத் தொலைத்திருந்தாள்.

திரையில் தலைவர், "நமக்குத் தோல்வியே கிடையாது!" என்று முழங்கினார். முழங்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று இருமினார்.

பாவி மனுஷா, அந்த முழி முழிக்கணுமா என்று புருஷன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நிறுத்து!" விளக்கு எரிந்தது. கத்திரி திரும்பினார். "ஏம்மா, பேசிட்டு எதுக்கு இப்படி நிக்கிறாரு? யாரு சிரிக்கிறதுக்கு?"

"அண்ணி, ஏதாச்சும் சொல்லுங்க" என்று பக்கத்தில் இருந்த கொழுந்தன் கிசுகிசுத்தான். அவள் எழுந்து கத்திரியைக் கும்பிட்டாள்.

"கை தட்டுறதுக்குங்க ஐயா. ஜனங்க தட்டுற சத்தத்துல தலைவர் பேச்சு கேக்காமப் போயிடக் கூடாதுல்ல?"

கத்திரி அவளையே பார்த்தார். பிறகு மெல்லத் தட்டினார். பின்வரிசை விழுந்தடித்துக்கொண்டு தட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் கைதட்டல்தான். முதலில் நிறுத்தும் துணிச்சல் எவனுக்கும் இல்லை.

படம் முடிந்தபோது கத்திரிக்குக் கண் கலங்கியிருந்தது. "அச்சு அசல் தலைவரேதான்!"

"அப்போ எங்க வீட்டுக்காரரு..."

"இப்பவே விடச் சொல்றேன்." போனில் பேசிவிட்டு வந்தார். அவளுக்கு அழுகை பொங்கியது. கொழுந்தன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"தலைவர் எல்லைக்கு வரணும்னு தளபதிங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க" என்றார் கத்திரி. "அங்கே குண்டு மழை. தலைவர் உயிர் முக்கியமாச்சே! அவருக்குப் பதிலா யாரை அனுப்பறதுன்னு முழிச்சிட்டிருந்தோம். நாளைக்குத் திறந்த ஜீப்புல உங்க வீட்டுக்காரருதான் நிக்கப்போறாரு."

அவள் அவர் காலில் விழுந்தாள்.

"ஐயா, படத்தைத் திருப்பிக் குடுங்க. இவ்வளவு நல்லா இல்லாம வெட்டித் தர்றேன்."