தெள்ளுத் துளை

ஞாயிற்றுக்கிழமை ஸ்லாவ்கா அக்காவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணை வீட்டிலிருந்து கைடாதான் வெளியே அழைத்து வரும். முப்பது வருடமாக அந்தத் தோல்பைக் குழலை ஊதி, ஊர்ப் பெண்களையெல்லாம் வாசல் தாண்ட வைத்தவர் அக்கா. இலையுதிர் காலத்தில் அறுவைச் சிகிச்சையில் ஒரு நுரையீரலை எடுத்துவிட்டார்கள். ஊதவே கூடாது என்றார் டாக்டர். விரல்கள் அப்படியே இருந்தன.

அந்த விரல்களுக்காக ஓக்னியனும் நானும் கணினிக்குள் ஒரு கைடா செய்திருந்தோம். பதிவு செய்த ஒலி எதுவும் அதில் இல்லை. நிஜக் குழலை ஸ்கேன் செய்து எடுத்த உள்வடிவம், நாணலின் துடிப்பு, காற்று போகும் வழி, எல்லாம் கணக்கு. கணக்குதான் ஒலிக்கும். வாசிப்பதற்கு உணரிகள் பதித்த ஒரு பிளாஸ்டிக் குழல்.

வியாழக்கிழமை காலை அக்கா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"காத்து யாருப்பா குடுக்கிறது?"

"கம்ப்யூட்டர், அக்கா."

"என் வீட்டுக்காரரை விட உபயோகமா இருக்கே."

முதல் சுரத்திலேயே மேசைமேல் இருந்த கரண்டி அதிர்ந்தது. ஓக்னியன் என் முதுகில் ஓங்கி அறைந்தான். அக்கா மணப்பெண் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

"தம்பி, தெள்ளு செத்துக் கிடக்குது."

மேல் கையின் சுட்டுவிரலுக்கு அடியில் இருக்கும் குட்டித் துளைக்குத் தெள்ளு என்று பெயர். அதைத் திறந்தால் எந்தச் சுரமும் அரைப்படி ஏறும். மூடி மூடித் திறந்தால் சுரம் நடுங்கும். நாங்கள் நீண்ட சுரங்களை மட்டுமே சோதித்திருந்தோம். இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது.

"இது இல்லாத பாட்டுக்கு என் பொண்ணு வாசலைத் தாண்ட மாட்டா." அக்கா மைத்துனரை போனில் அழைத்தார். "எதுக்கும் அந்தக் கிளாரினெட்காரனை ஞாயித்துக்கிழமைக்குக் கேட்டு வை."

"பத்து நிமிஷம் குடுங்க அக்கா," என்றேன்.

ஓக்னியன் உணரியைச் சோதித்தான். வேலை செய்தது. நான் குழலின் உள்வடிவத்தைத் திரையில் பெரிதாக்கினேன். சுவர் வழவழவென்று இருந்தது. துளையே இல்லை.

இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஓட்டையெல்லாம் ஸ்கேன் கோளாறு என்று கணினியை அடைக்கச் சொன்னவன் நான். எவ்வளவு சுத்தம் பார் என்று ஓக்னியனிடம் பெருமையடித்தும் இருந்தேன்.

மூல ஸ்கேன் வெசெலா எடுத்தது. என் மனைவி. பிப்ரவரியில் இறந்தாள். அதன் பிறகு அவள் கோப்புகளை நான் திறக்கவில்லை.

திறந்தேன். துளை இருந்தது. அதற்குள் ஒரு மெல்லிய குழாய். பக்கத்தில் அவள் குறிப்பு: "வாத்து இறகின் தண்டு. அடைச்சுடாதே."

"உன்னைத் தெரிஞ்சு எழுதியிருக்காடா!" என்றான் ஓக்னியன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடைத்த துளையைக் கணக்கில் திறந்தேன். அகலம் ஒன்றரை மில்லிமீட்டர், நீளம் ஐந்து. நிரலை ஓட்டினேன்.

அக்கா சுட்டுவிரலைத் தூக்கினார். சுரம் துள்ளி ஏறியது. விரலை ஆட்டினார். அது நடுங்கியது, கெஞ்சியது, கத்தியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து எடுத்தார். சத்தம் தாங்காமல் திட்ட வந்த பக்கத்து அறைக்காரர்கள் மூன்று பேர், வாசலிலேயே கைகோத்து ஆட ஆரம்பித்தார்கள். ஓக்னியன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வரிசையில் சேர்ந்து என்னையும் இழுத்தான்.

அக்காவின் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தார்.

"கிளாரினெட்காரன் சரின்னுட்டானா? வரட்டும், வரட்டும். சாப்பிட்டுட்டுப் போகட்டும்."