செக்கோஸ்லோவாகியாக் குழுவில் ஓர் இன்சீன்காரர்

ரங்கூனில் ஓட்டல் நடனங்களுக்குச் சர்க்கார் தடை போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை ஓட்டல் பேண்டில் ஆளுயரப் பாஸ் பிடில் வாசித்த அமிர்தநாதன், ரங்கூனை ஒட்டிய சொந்த ஊரான இன்சீனில் ஒரு மர ஆலையில் எழுத்து வேலைக்குப் போய்விட்டார். பிடிக்காத வேலை. அதைவிடப் பிடிக்காதது, பர்மாவை விட்டுப் போகிற இந்தியர்களை ஏற்றிச் செல்லும் கப்பலைப் பற்றி வீட்டில் தினமும் நடக்கும் பேச்சு.

"நம்ம தெருவே கெளம்பிருச்சுங்க. மெட்ராஸ் கப்பலுக்குப் பேர் குடுங்க" என்பாள் மனைவி மக்தலேனா.

"பொறந்த ஊர உட்டுட்டு எங்கடி போறது? மெட்ராஸ்ல என்னைய யாருக்குத் தெரியும்?" என்று எரிந்து விழுவார். அங்கேயே பிறந்தும் அவர் கையில் இருப்பது, வெளிநாட்டார் என்று சர்க்கார் கொடுத்த அந்நியர் அட்டைதான் என்று அவள் குத்திக்காட்ட மாட்டாள். அந்த மட்டும் நல்லவள்.

ஒருநாள் மைக் செட் மீரா முகைதீன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அண்ணே, செக்கோஸ்லோவாகியாலேருந்து பாட்டுக்காரங்க வந்திருக்காங்க. பாஸ் வாசிக்கிறவனுக்கு வயித்தால போவுது, எந்திரிக்கவே முடியல. சாயங்காலம் பெரிய ஆளுங்க எல்லாம் வர்றாங்க. நீங்கதான் கை குடுக்கணும்."

"அவங்க ஊர்ப் பாட்டு எனக்கென்னய்யா தெரியும்?"

"அவங்க ஊர்ப் பாட்டு இல்லண்ணே. அமெரிக்காக் கறுப்பருங்க பாட்டு, ப்ளூஸு."

அமெரிக்கா என்று சொன்னாலே சர்க்காருக்குக் கசக்கிற காலம். ஆனால் சோஷலிஸ்ட் தேசத்தார் வந்து, ஒடுக்கப்பட்டவர்களின் பாட்டு என்று பெயர் சொல்லிப் பாடினால் அதே பாட்டு சர்க்காருக்கு இனிக்கும். சர்க்கார் காது அப்படி.

போனார். தலைவன் பெயர் ஒந்த்ரெய், ஸ்லோவாக் இனத்தான். மற்ற இருவரும் செக் இனத்தார். எல்லோருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அமிர்தநாதன் பழைய ஓட்டல் பழக்கத்தில் சுழித்துச் சுழித்து வாசிக்க, ஒந்த்ரெய் அவர் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினான்.

"குறைத்து வாசியுங்கள் ஐயா. வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவன் மாதிரி."

அது பிடிபட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாக அந்த நடைதானே நடந்துகொண்டிருக்கிறார்!

"இந்தப் பாட்டெல்லாம் எங்கே கற்றீர்கள்?"

"ரேடியோவில். அமெரிக்காவை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. போக விடவும் மாட்டார்கள். பாடும்போது மட்டும் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை" என்று சிரித்தான். அந்த நிமிஷமே அமிர்தநாதனுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

சாயங்காலம், படுத்துக் கிடந்தவனின் கறுப்புக் கோட்டையும் தொப்பியையும் இவருக்கு மாட்டிவிட்டார்கள். ஒந்த்ரெய் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடினான். அமிர்தநாதன் அவனுக்கு அடியில் தரையாக நின்று வாசித்தார். இப்படி வாசித்து எத்தனை காலமாயிற்று! பின்வரிசையிலிருந்த மக்தலேனா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கலாசார அதிகாரி மாலையோடு மேடையேறினார். ஒந்த்ரெயைத் தாண்டி, மேடையில் கறுப்பாக இருந்த ஒரே ஆளான அமிர்தநாதனிடம் நேரே வந்து கழுத்தில் போட்டார்.

"நண்பர்களோடு அமெரிக்காவின் கறுப்புத் தொழிலாளி ஒருவரே நம் நாட்டுக்கு வந்திருக்கிறார்!" என்று பர்மிய மொழியில் முழங்கினார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. பாஷை புரியாத ஒந்த்ரெயும் சந்தோஷமாகத் தட்டினான்.

அமிர்தநாதனுக்குச் சிரிப்பு வந்தது. பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் சொந்த ஊரில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் பொய்யாக நிற்க மனம் ஒப்பவில்லை. மைக்கைப் பிடித்தார். பர்மிய மொழியில்தான் பேசினார்.

"நான் அமெரிக்காக்காரன் இல்லை. இன்சீன்காரன். இங்கேதான் பிறந்தேன். என் அப்பாவும் இங்கேதான் பிறந்தார்."

மண்டபமே சிரிப்பும் கைதட்டலுமாக அதிர்ந்தது. 'எவ்வளவு அழகாக நம் பாஷை பேசுகிறார் பாருங்கள்!' என்று முன்வரிசை அம்மாள் ஒருத்தி பூரித்தாள்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம் மேல் எத்தனை பாசம்! தன்னை இந்த ஊர்க்காரன் என்றே சொல்லிக்கொள்கிறார்!"

தொப்பியைக் கழற்றி இன்னொரு தடவை சொல்லலாமா என்று பார்த்தார். சொன்னால் நம்புவார்கள். நம்பினால் இந்தக் கைகள் எல்லாம் இறங்கிவிடும். தெருவில் அவரைப் பார்த்துத் தினமும் இளக்காரமாகச் சொல்கிற 'கலா', அதாவது இந்தியாக்காரன், ஆகிவிடுவார். விருந்தாளி, இல்லாவிட்டால் கலா. நடுவில், இன்சீன்காரனுக்கு என்று அந்த மண்டபத்தில் ஓர் இடம் இல்லை.

"கட்டாயம் மறுபடியும் எங்கள் நாட்டுக்கு வர வேண்டும்" என்று அதிகாரி அவர் இரண்டு கைகளையும் அன்போடு பிடித்துக் குலுக்கினார்.

"வருகிறேன்" என்றார் அமிர்தநாதன்.

"என்ன சொன்னார்கள்?" என்று ஒந்த்ரெய் ஆவலாகக் கேட்டான். "வாசிப்பு பிடித்திருந்ததாம்" என்று சொல்லி, அவனை இறுகக் கட்டிக்கொண்டு விடைபெற்றார்.

வாசலில் மக்தலேனா காத்திருந்தாள்.

"காலையில போயி கப்பலுக்குப் பேர் குடுத்துட்டு வந்துருவோம்" என்றார்.

ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தவள் அவள். கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.